135 டிகிரியில் சந்திக்கும் தடுப்புச் சுவர்கள்: மூலைச் சட்டத்தை எப்படி நிறுத்துவது?

மூலைப்பிரியன் (இழையைத் தொடங்கியவர்)

அறையின் ஒரு மூலையைத் தடுத்துப் பொருள் வைக்கும் சிற்றறை ஒன்றைக் கட்டப்போகிறேன். சதுரமாகக் கட்டினால் அதன் முனை நடக்கும் வழியில் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் முன்பக்கத்தைச் சாய்த்து, அந்தச் சாய்சுவரில் கதவை வைப்பதாக எண்ணம். அறை மூலையிலிருந்து இரு பக்கமும் 1300 மி.மீ. தள்ளி, தலா 520 மி.மீ. நீளத்தில் இரண்டு பக்கச் சுவர்கள் வரும். அவற்றின் முனைகளைச் சாய்சுவர் இணைக்கும். இந்த அளவுகள் எல்லாம் சட்டத்தின் வெளிமுகத்தில் எடுத்தவை. பலகைக் கனம் சேரவில்லை. சட்டம் 38×89 மரம், இருபுறமும் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை, உயரம் 2400. மேல்தளத்தின் சுமை எதுவும் இந்தச் சுவர்களில் இறங்காது.

எனக்கு மூன்று ஐயங்கள். சுவர் 45 டிகிரி திரும்புகிறது (இரு சுவருக்கும் இடையே 135) என்றால், தரையில் படுக்கும் அடிச்சட்டத்தை 45-இல் வெட்டுவதா, 22.5-இல் வெட்டுவதா? மூலையில் நிற்கும் குத்துச்சட்டங்களையும் நெடுக்கச் சாய்த்து அறுக்க வேண்டுமா? கதவுக்கு 800 மி.மீ. திறப்பு விட்டால் சாய்சுவரில் இடம் போதுமா?

கணக்குப்புலி

முதல் கேள்விக்கு விடை 22.5. சுவர் எவ்வளவு திரும்புகிறதோ அதில் பாதிதான் ஒவ்வொரு முனையின் வெட்டும். 90 டிகிரி திரும்பும் சாதாரண மூலையில் இரண்டையும் 45-இல் வெட்டுகிறோம் அல்லவா, அதே விதிதான். 30 டிகிரி திரும்பினால் 15. ரம்பத்தின் அளவுகோல் நேர்வெட்டைச் சுழியமாகக் காட்டும், அங்கிருந்து 22.5 எண்ணுங்கள். பெரும்பாலான மைட்டர் ரம்பங்களில் (சட்டத்தைக் கோணம் வைத்துக் குறுக்கே வெட்டுபவை) 22.5-க்குத் தனிப் பள்ளமே இருக்கும், பிடி அங்கே போய் உட்காரும்.

நீளம்: 1300-இல் 520 போனால் 780. அதை 1.414-ஆல் பெருக்கினால் 1103 மி.மீ. இது சாய்சுவரின் வெளிமுகம். உள்முகம் குறைவு. 89-ஐ 22.5 டிகிரியின் டேன்ஜென்ட் ஆன 0.414-ஆல் பெருக்கினால் சுமார் 37. இரண்டு முனைக்கும் 74. ஆக உள்முகம் 1029.

கதவு: 1029-இல் 800 போனால் 229, பக்கத்துக்கு 114. முனைச் சட்டம், கதவோரம் நிற்கும் முழுநீளச் சட்டம், அதை ஒட்டி உத்தரத்தைத் தாங்கும் குட்டைச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து 38×3 = 114. அளவெடுத்துத் தைத்தது போல உட்காருகிறது!

உளிச்சத்தம்

கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கை நம்பி ரம்பத்தைத் தொடாதீர்கள்.

வீட்டு மூலை 90 டிகிரி என்று யார் சொன்னது? 89-ஆகவும் இருக்கலாம், 91.5-ஆகவும் இருக்கலாம். ஒரு டிகிரி பிசகினாலே 1103 மி.மீ. நீளச் சுவரின் மறுமுனை 19 மி.மீ. தள்ளிப் போகும். சாய்சுவருக்கு இரண்டு முனை, பக்கச் சுவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, ஆக மொத்தம் நான்கு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால் இரண்டு டிகிரி சேர்ந்துவிடும்.

தரையில் முழு அளவில் வரையுங்கள். சுவரின் இரண்டு விளிம்புக்கும் நூல் அடித்துக் கோடு போடுங்கள். நடுக்கோடு மட்டும் போதாது. பிறகு பக்கச் சுவரின் அடிச்சட்டத்தை அதன் கோட்டில் வைத்து, மூலையைத் தாண்டி நீளவிடுங்கள். சாய்சுவரின் அடிச்சட்டத்தை அதன் மேல் குறுக்காகக் கிடத்தி, தன் கோட்டுக்கு நேராகச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் ஒரு சாய்சதுரம் உருவாகும். கீழ்ச்சட்டத்தின் விளிம்புகளை மேல்சட்டத்தின் அடியிலும், மேல்சட்டத்தின் விளிம்புகளைக் கீழ்ச்சட்டத்தின் மேலும் கோடிழுங்கள். அந்தச் சாய்சதுரத்தின் குட்டை மூலைவிட்டம்தான் வெட்டுக்கோடு. டிகிரி என்ன என்று கேட்கவே வேண்டாம். வீடு எப்படி நிற்கிறதோ அதற்கேற்ற வெட்டு தானே கிடைத்துவிடும்.

குட்டை மூலைவிட்டம் என்பதைக் கவனியுங்கள். 89 அகலச் சட்டத்தில் அது சுமார் 96 மி.மீ. இருக்கும். நீண்டது 233 வரும். அதில் வெட்டினால் சுவர் எதிர்ப்பக்கமாகக் கூராக மடங்கும்.

கணக்குப்புலி

ஐயா, வரைவதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரைந்ததே சரியா என்று பார்க்கவும் எண் வேண்டுமே. மூலைப்புள்ளியிலிருந்து இரு கோட்டிலும் 1000 மி.மீ. அளந்து குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 135 டிகிரி என்றால் 1848 வர வேண்டும். 120-க்கு 1732, 150-க்கு 1932. கோணமானியை வைத்துப் பார்ப்பதைவிட அளவுநாடா துல்லியம்.

உளிச்சத்தம்

இதை ஏற்றுக்கொள்கிறேன். 1848 வராவிட்டால் உடனே கோட்டை அழித்துவிட வேண்டாம். இரண்டு மூலையிலும் அளந்து பாருங்கள். பிசகு இரண்டுக்கும் சமமாகப் பிரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

வேறொன்று. இரு சுவரும் ஒரே தடிமனாக இல்லாவிட்டால், அதாவது ஒன்று 89, மற்றது 64 என்றால், 'பாதிக் கோணம்' என்ற விதி செல்லாது. இரண்டு முனையின் வெட்டும் வெவ்வேறு கோணமாக இருக்கும். ஏற்றி வைத்துக் கோடிடும் முறை அங்கேயும் செல்லும். அதனால்தான் கையில் கோடிழுக்கச் சொல்கிறேன்.

மூலைப்பிரியன்

இருவருக்கும் நன்றி. அடிச்சட்டம் புரிந்துவிட்டது. தலைச்சட்டத்துக்கும் மேலே இதே போல் வரைய வேண்டுமா? மூலைக் குத்துச்சட்டம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே.

உளிச்சத்தம்

மேலே வரைய வேண்டாம். அடிச்சட்டத்தை வெட்டியதும் அதையே அச்சாக வைத்துத் தலைச்சட்டத்தை வெட்டுங்கள். இடத்தை லேசரோ தூக்குக்குண்டோ கொண்டு மேலே ஏற்றுங்கள். இரு மூலைகளின் உள்முனை, வெளிமுனை என நான்கு புள்ளிகள் போதும். மேலே தனியாக நாடா பிடித்து அளந்தால் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு.

மேலே எதில் முடுக்குவது என்பதையும் பாருங்கள். மேல்விட்டங்கள் 400 மி.மீ. இடைவெளியில் ஓடினால், 45 டிகிரியில் கடக்கும் சுவருக்கு அவை 566 மி.மீ. இடைவெளியில்தான் கிடைக்கும். 1103 நீளத்தில் இரண்டு இடம் கிடைத்தாலே பெரிது. மூலைகளுக்கு நேர் மேலே விட்டம் வராது என்றே வைத்துக்கொண்டு, விட்டங்களுக்கு இடையே குறுக்குக்கட்டை போட்டு வையுங்கள்.

குத்துக்கால்

மூலைக் குத்துச்சட்டத்துக்கு வருகிறேன். நெடுக்க 22.5-இல் சாய்த்து அறுத்து இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவிடுங்கள். உள்ளும் புறமும் பலகையைத் திருக மரம் கிடைக்கும். மூலையும் பாறை போல நிற்கும்.

உளிச்சத்தம்

சொல்வது எளிது. 38 தடிமன் சட்டத்தை 89 ஆழத்துக்கு 22.5-இல் சாய்த்து அறுத்தால் என்ன மிஞ்சும்? ஒரு விளிம்பில் 38, மறு விளிம்பில் 1 மி.மீ. கத்திமுனை. 37-ஐ ரம்பம் தின்றுவிடுகிறது. அந்த 1 மி.மீ. விளிம்பில் எந்தத் திருகு பிடிக்கும்?

அதை எந்த இயந்திரத்தில் அறுப்பீர்கள்? 250 மி.மீ. வட்டு போட்ட மேசை ரம்பம் நேராக நிற்கும்போதே சுமார் 80 மி.மீ. உயரம்தான் அறுக்கும், சாய்த்தால் இன்னும் குறையும். சாய்வெட்டின் முகமோ 96 மி.மீ. இரு பக்கமும் திருப்பிப் போட்டு அறுக்க வேண்டும். கடைசியில் ஈட்டி போன்ற ஒரு துண்டு வட்டுக்கும் வழிகாட்டிக்கும் இடையில் சிக்கும், அது பின்னால் நிற்பவர் மேல்தான் பாயும். இந்த வேலைக்கு மேசை ரம்பம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

குத்துக்கால்

பட்டை ரம்பம் வைத்திருக்கிறேன், எனக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே 38×89 சட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக அறுத்தால் 23 டிகிரி வருகிறது. கிட்டத்தட்ட நமக்கு வேண்டியதே. ஒரு சட்டத்திலிருந்து இரண்டு ஆப்புகள். சதுரமாக நிற்கும் குத்துச்சட்டங்களின் இடைவெளியில் அடித்தால் முழு மூலையும் நிரம்பிவிடும்.

உளிச்சத்தம்

பட்டை ரம்பமும், 2400 மி.மீ. நீளத்தை நேராகத் தள்ள முன்னும் பின்னும் தாங்கியும் இருந்தால் சரி. எல்லோரிடமும் இருக்காதே.

தகரக்கத்தரி

மரத்தோடு மல்லுக்கட்டுவானேன்? உருக்குச் சட்டத்தில் இது சிறிய வேலை. தரையில் போடும் ப வடிவத் தடத்தின் உள்பக்க மடிப்பையும் அடித்தகட்டையும் சேர்த்து 'வி' வடிவில் வெட்டி எடுங்கள். வெளிப்பக்க மடிப்பை வெட்டாமல் விடுங்கள், அது கீல் ஆகிவிடும். 70 மி.மீ. தடத்தில் 'வி'யின் வாய் 58 மி.மீ., கூர்முனை வெளிமடிப்பைத் தொட வேண்டும். மடக்கினால் வாய் மூடி 135 டிகிரியில் நிற்கும். அடியும் தலையும் ஒரே துண்டாக மூலையைத் திரும்பிப் போகும்.

குத்துச்சட்டங்கள் மூலையின் இருபுறமும் ஆளுக்கு ஒன்று. வெளிப்பக்கத்தில் பலகை முனை அந்தரத்தில் நிற்காமல் இருக்க, துத்தநாகம் பூசிய தகட்டை 135 டிகிரியில் மடித்துத் தரையிலிருந்து தலைவரை ஓடவிட்டுத் திருகுவோம். இறக்கை இரு பக்கமும் 75 மி.மீ. இருந்தால் சட்டத்தின் மேல் நன்றாக ஏறும். மரச்சட்டத்துக்கும் அதே தகடு பொருந்தும். தகட்டின் கனம் அரை மி.மீ.தான், பலகைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பூச்சுக்கரண்டி

தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது பலகையைப் பிடிக்கும், ஆனால் இடியைத் தாங்காது. மூலைப்பிரியன் கட்டும் அறையில் உள்முகம் குழிந்த மூலை, வெளிமுகம் புடைத்த மூலை. பெட்டியும் நாற்காலியும் மோதுவது வெளிமுகத்தில்தான். பின்னால் மரம் இல்லாத வெளிமூலையில் முதலில் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். பிறகு முனை உள்ளே அமுங்கும். நான் பூசப் போகும் வீடுகளில் வெளிமூலையை விரலால் தட்டிப் பார்ப்பேன். பொள்ளென்று ஒலித்தால் அங்கே மீண்டும் வரவேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும்.

உளிச்சத்தம்

அம்மா சொன்னதுதான் இந்த மூலையின் உயிர்நாடி. கணக்கை ஒருமுறை படமாகப் பாருங்கள். இரண்டு சதுரக் குத்துச்சட்டங்களும் உள்விளிம்பில் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. உள்ளே பலகையைத் திருக மரம் தாராளம், அங்கே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வெளியில் இரண்டுக்கும் இடையே வாய் பிளந்திருக்கிறது, நேர்கோட்டில் 68 மி.மீ. பலகைகள் சந்திக்கும் முனையோ ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பையும் தாண்டி 37 மி.மீ. வெளியே. அந்த 37-க்கு மட்டும்தான் மரம் வேண்டும். 89 ஆழம் முழுவதையும் நிரப்ப வேண்டிய தேவை என்ன?

38×38 மரத்துண்டு எடுங்கள். அதன் ஒரு பக்கத்தை 22.5-இல் சாய்த்து அறுங்கள். வெளிமுகத்தில் 37, உள்ளே போகும்போது 21. எந்தச் சிறிய மேசை ரம்பமும் இதை ஒரே ஓட்டத்தில் அறுக்கும். வெட்டின் ஆழம் 41 மி.மீ.தான், கத்திமுனையும் இல்லை. குத்துச்சட்டத்தின் பக்கவாட்டில், வெளிமுகத்தோடு சமமாக வைத்து 300 மி.மீ.க்கு ஒரு திருகு போடுங்கள். இரண்டு சட்டத்திலும் இப்படிச் செய்தால், சுவர்கள் சேரும்போது சாய்முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெளிமூலை கெட்டியாகிவிடும். பின்னால் முக்கோணமாகக் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும்; இருந்துவிட்டுப் போகட்டும்.

குத்துக்கால்

இது என் ஆப்பைவிட எளிது, மறுக்கவில்லை. ஆனால் துண்டு முறுகாத மரமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 19 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மரத்தில் இப்படி ஒல்லியாக அறுத்தால் மறுநாளே வில்லாக வளைந்து நிற்கும்.

தகரக்கத்தரி

மரத்துண்டின் மேல் என் தகட்டையும் போடுங்கள் என்று சொல்லிச் சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். துண்டு இருந்தால் தகடு தேவையில்லைதான். அடித்தடமும் தலைத்தடமும் ஒரே துண்டாகத் திரும்பும் வசதி மட்டும் மரத்துக்கு இல்லை. உங்கள் மைட்டர் மூட்டை எது பிடித்துக்கொண்டிருக்கும்?

உளிச்சத்தம்

நல்ல கேள்வி. தரையில் மூட்டின் இருபுறமும் 150 மி.மீ.க்குள் ஆளுக்கு ஒரு தரைத்திருகு விழ வேண்டும், அவ்வளவே. மேலே தலைச்சட்டம் இரட்டை அடுக்கு என்றால், கீழடுக்கை மைட்டராக வெட்டிவிட்டு, மேலடுக்கில் ஒரு சுவரின் சட்டம் மூட்டைத் தாண்டி அடுத்த சுவரின் மேல் ஏறும்படி விடுங்கள். சுமை தாங்காத இந்தச் சுவருக்கு ஒற்றை அடுக்கே போதும். அப்போது மூட்டின் மேல் துளையிட்ட தகட்டுப்பட்டி ஒன்றைத் திருகிவிட்டால் சரி. தகரக்கத்தரிக்கும் வேலை கிடைத்துவிட்டது.

சுவரை நிறுத்தும் வரிசையைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. பக்கச் சுவர் இரண்டையும் முதலில் நிறுத்தி ரசமட்டம் பாருங்கள். சாய்சுவரின் நீண்ட முகம் வெளியே, குட்டை முகம் உள்ளே. எனவே அறைப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் இறுகி உட்காரும். உள்ளிருந்து வெளியே தள்ளப் பார்த்தால் போகவே போகாது. கிடத்திக் கட்டி நிமிர்த்துவதானால் 2400-க்கு 2400 கட்டாதீர்கள். 89 தடிமன் சுவரின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 2402 வரும். மேலே முட்டி நிற்கும். 8, 10 மி.மீ. குறைத்துக் கட்டி, இடைவெளியில் தகட்டுச் சில்லு வைத்து முடுக்குங்கள்.

கதவுத் திறப்பில் ஓடும் அடிச்சட்டத்தை இப்போது வெட்ட வேண்டாம். சுவர்கள் நின்று மூலைகள் இறுகிய பிறகு வெட்டி எடுங்கள். அந்தப் பகுதியில் தரைத்திருகு போட்டுவிடாதீர்கள், ரம்பப்பல் போய்விடும்.

அமைதிதேடி

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும், கிட்டத்தட்ட இதே கேள்விதான். என் சாய்சுவர் இன்னொரு சுவரின் முனையில் சேரவில்லை. நீண்ட நேர்சுவரின் நடுவில் 45 டிகிரியில் போய் முட்டுகிறது. ஒரு பக்கம் 135, மறு பக்கம் 45. படிக்கும் அறை என்பதால் சத்தம் கடக்கக் கூடாது. எப்படிச் சட்டம் கட்டுவது?

கணக்குப்புலி

இங்கே பாதிக் கோணம் இல்லை. நேர்சுவர் வெட்டப்படுவதே இல்லை. முழு 45-உம் சாய்சுவரின் முனையில்தான். 89 சட்டம் 45-இல் வெட்டினால் முகம் 126 மி.மீ. இருபுறப் பலகையையும் சேர்த்தால் நேர்சுவரில் 161 மி.மீ. இடத்தை அடைக்கும்.

உளிச்சத்தம்

அந்த 161-க்குப் பின்னால் நேர்சுவருக்குள் மரம் வேண்டும். குத்துச்சட்டம் தற்செயலாக அங்கே வந்து நிற்காது. இரு குத்துச்சட்டங்களுக்கு இடையே 600 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குக்கட்டைகளைப் படுக்கையாக வைத்து ஏணி போலக் கட்டிவிடுங்கள். சாய்சுவரின் கடைசிக் குத்துச்சட்டம் சதுரமாகவே இருக்கட்டும். 135 பக்கத்தில் ஒரு சாய்துண்டு, மேலே சொன்ன அதே முறை, ஆனால் வெட்டு 45-இல்.

பூச்சுக்கரண்டி

45 டிகிரிக் கூர்மூலையைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது. திருகு இயந்திரம் உள்ளே நுழையாது, கரண்டியும் நுழையாது. டேப் ஒட்டினால் சுருங்கும். வாழ்நாள் முழுவதும் தூசி அடையும். அங்கே 100 மி.மீ. அகலத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு பலகைத்துண்டைக் குறுக்காக நிறுத்தி மூலையை மூடிவிடுங்கள். ஒரு கூர்மூலை போய் இரண்டு விரிந்த மூலைகள் வரும்; இரண்டையும் ஒழுங்காகப் பூசலாம். இடம் கொஞ்சம் போகும், ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவும் முடியாது.

தகரக்கத்தரி

பலர் நேர்சுவருக்கு முழுப் பலகையையும் அடித்து முடித்துவிட்டு, அதன் மேல் சாய்சுவரை ஒட்டுவார்கள். வேலை சுலபம். மூலைப்பிரியனின் பக்கச் சுவர்கள் அறைச் சுவரோடு சேரும் இடத்துக்கு அது பொருந்தும். அமைதிதேடிக்கு வேண்டாம். சுவருக்குப் பின்னால் தொடர்ந்து ஓடும் பலகை ஒலியை அடுத்த அறைக்குக் கடத்தும். சந்திப்பில் பலகையை அறுத்து இடைவெளி விட்டு, நேர்சுவரின் உட்குழியிலும் அந்த இடத்தில் கனிமக் கம்பளி திணித்து, பலகை விளிம்புகளைச் சுற்றி இறுகிப்போகாத அடைப்புப் பசை அடையுங்கள். சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் விளிம்பில் விட்ட சின்னச் சந்து போதும், பேச்சு தெளிவாகக் கேட்கும்.

மூலைப்பிரியன்

தரையில் வரைந்தேன். ஒரு மூலையில் 1848-க்கு 1841 வருகிறது, மறு மூலையில் 1846. அறை மூலை சதுரமாக இல்லை போலும். கோட்டை மாற்றவா?

கணக்குப்புலி

1841 என்றால் சுமார் 134 டிகிரி. 1846 என்றால் 135-க்குக் கால் டிகிரி குறைவு. முதல் மூலையில் பாதி வெட்டு 23 என்று வைக்க வேண்டும், 22.5 அல்ல.

உளிச்சத்தம்

மாற்றாதீர்கள். சட்டங்களை ஏற்றி வைத்துக் கோடிழுங்கள், 23-ஓ 22.8-ஓ அதுவே சொல்லும். சாய்துண்டை 22.5-இலேயே அறுக்கலாம், மூலையில் ஒரு மி.மீ. இடைவெளி வந்தால் பலகை அதை மறைக்கும். கதவுத் திறப்பை மட்டும் வெட்டிய சட்டத்தின் நடுவிலிருந்து அளந்து குறியுங்கள், அறைச் சுவரிலிருந்து அளக்க வேண்டாம்.

மூலைப்பிரியன்

சரி ஐயா. கடைசியாகப் பூச்சு பற்றி: வெளிமூலைக்கு வழக்கமான உலோக மூலைப்பட்டியை விரித்து வைக்கலாமா?

பூச்சுக்கரண்டி

கூடாது. அது 90 டிகிரிக்கு மடித்தது. விரித்தால் முனையிலுள்ள உருளை நெளியும், இறக்கைகள் பலகையில் படியாது. நடுவில் மடியும் காகிதத்தில் இரண்டு மெல்லிய உலோகக் கீற்றுகள் ஒட்டிய டேப் கிடைக்கும். அதைத் தேவையான கோணத்துக்கு மடித்து, உலோகப்பக்கம் பலகையைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். விரிந்த கோணத்துக்கென்றே வரும் பிளாஸ்டிக் பட்டியும் நல்லதுதான்.

உள்மூலைக்கும் அதே டேப்பை எதிர்ப்பக்கமாக மடித்துப் பயன்படுத்துங்கள். வெறும் காகித டேப் 135-இல் நேர்கோடாக நிற்காது. கரண்டியைப் பிடித்து இழுக்க மூலை போதிய வழி காட்டுவதில்லை, கோடு அலையலையாகப் போகும். ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும் பூசுங்கள். அது காய்ந்து கெட்டியான பின் மறுபக்கம் பூசினால், கரண்டி முனை முதல் பக்கத்தைச் சுரண்டாது. ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டி) வெட்டும்போது மறுபடியும் 22.5-ஐ நம்பாமல், பூசி முடித்த மூலையில் சாய்மட்டத்தை (கோணத்தைப் பிடித்துக் காட்டும் கருவி) வைத்துக் கோணம் எடுங்கள். பூச்சின் கனம் கோணத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கும்.